வலி அடங்கியதும் ஓடலாமா?

நல்லதண்ணி என்னும் சிற்றூர் சிவனொளிபாத மலையின் அடிவாரத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்துள்ளது. ஆண்டுதோறும் டிசம்பர் மாதப் பௌர்ணமி தொடங்கி மே மாதத்து வெசாக் பௌர்ணமி வரையில், அடியார்கள் பெருந்திரளாக இவ்வூர் வழியே மலையேறுகின்றனர். சிகரத்தின் உயரம் 2243 மீற்றர். ஏற வேண்டிய படிகளோ 5000க்கும் மேல். இரவெல்லாம் ஏறி, சூரியோதயத்தைத் தரிசித்து இறங்கியவர்கள், மறுநாள் இரு கெண்டைக்கால்களும் கல்லாய் இறுகிவிட்டன என்று வருந்துவது வழக்கம். அஞ்ச வேண்டாம், அது பழக்கமில்லாத உழைப்பினால் வரும் நோவு. இரு கால்களிலும் ஒருங்கே தோன்றி, மூன்று நான்கு நாட்களில் தானே மறைந்துவிடும்.

கெண்டைத் தசைநார் கிழிவு என்பது வேறு. அது ஒரு காலில், ஒரு கணத்தில், ஓர் இடத்தில் நிகழ்வது. தோட்டத்துப் பாடசாலை மாணவன் ஒருவன் விளையாட்டுப் போட்டிக்காக விடியற்காலையில் மேட்டுப்பாதையில் ஓடிப் பழகுகிறான் என்று வைத்துக்கொள்வோம். திடீரென்று, பின்னாலிருந்து யாரோ கல்லால் எறிந்தாற்போலக் கெண்டைக்காலில் ஒரு வலி. திரும்பிப் பார்க்கிறான், எவருமில்லை. நொண்டி நொண்டி லயத்துக்குத் திரும்புகிறான். ஐந்தாறு நாட்களில் வலி அடங்குகிறது. போட்டியோ நெருங்குகிறது. “நடக்க முடிகிறதே, ஓடினால் என்ன?” என்று எண்ணி மீண்டும் ஓடுகிறான். இம்முறை முன்னிலும் பெரிதாகக் கிழிகிறது. அவன் பிழை எங்கே நேர்ந்தது? வலி நின்றதைக் குணமென்று கொண்டதில் நேர்ந்தது.

கெண்டைக்காலில் இரு பெருந்தசைகள் உள. ஒன்று மேலே புடைத்துத் தெரிவது. முழங்காலுக்கு மேலிருந்து தொடங்குவது. மற்றொன்று அதன் அடியில் தட்டையாகக் கிடப்பது. முழங்காலுக்குக் கீழிருந்து தொடங்குவது. இரண்டும் கீழே ஒன்றுகூடிக் குதிநாணாகிக் குதிகால் எலும்பைப் பற்றுகின்றன. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையை இவை தாங்குகின்றன. ஒரு கிலோமீற்றர் ஓடுவதற்குள் ஒவ்வொரு காலும் ஏறக்குறைய 500 முறை நிலத்தை உதைக்கிறது. நடைக்குப் போதுமான வலிமை ஓட்டத்துக்குப் போதாது என்பது இதனால் விளங்கும்.

கிழிந்த இழைகளை உடல் புதிய இழையால் ஒட்டுப்போடுகின்றது. வலி சில நாட்களில் தணியலாம். ஆனால் அந்த ஒட்டு இறுகி உரம்பெற வாரங்கள் செல்லும். சிறு கிழிவு ஒன்று முதல் மூன்று வாரங்களிலும், நடுத்தரக் கிழிவு நான்கு முதல் எட்டு வாரங்களிலும் ஆறக்கூடும். முற்றாக அறுந்துவிட்டால் பல மாதங்களாகும்.

உலகப் புகழ்பெற்ற வீரர்களும் இவ்விதிக்கு விலக்கானவர்கள் அல்லர். அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வீரர் கெவின் டுரான்ட் 2019 மே மாதத்தில் வலக் கெண்டைக்காலில் காயமுற்றார். ஒரு மாதம் ஓய்ந்திருந்து, ஜூன் 10ஆம் திகதி இறுதிச் சுற்றின் முக்கிய ஆட்டமொன்றில் களமிறங்கினார். அன்றே அதே காலின் குதிநாண் அறுந்தது. மறு பருவம் முழுவதையும் அவர் இழந்தார். முதற் காயமே இரண்டாவதற்குக் காரணமென்று அறுதியிட இயலாதெனினும், அந்நிகழ்ச்சி பலரைச் சிந்திக்க வைத்தது. மாறாக, ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் நேதன் லயன் 2023 ஜூனில் லோர்ட்ஸ் மைதானத்தில் கெண்டைக்காலில் காயமுற்றபின், அத்தொடரின் எஞ்சிய மூன்று டெஸ்ட் போட்டிகளிலும் ஆடவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் பேர்த் நகரில் மீண்டும் டெஸ்ட் களம் புகுந்து, தமது 500ஆவது விக்கெட்டை வீழ்த்தினார். பொறுத்திருந்ததால் அவர் புகழ் குன்றவில்லை.

காயம் நேர்ந்தவுடன் செய்ய வேண்டியது யாது? ஓட்டத்தை அக்கணமே நிறுத்துக. காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியோ குளிர்நீரில் நனைத்த துணியோ இட்டு, இரத்த ஓட்டம் தடைப்படாத அளவுக்குக் கட்டுப் போடுக. எண்ணெய் தடவி அழுத்தி உருவுதலும் வெந்நீர் ஒத்தடமும் முதற் சில நாட்களில் ஆகா. உள்ளே இரத்தக் கசிவு மிகும். குதிகாலுக்கு மேலே ஏதோ அறுந்தாற்போன்ற ஓசை கேட்டு, நுனிக்காலில் நிற்க இயலாமற் போனால், மஸ்கெலியாவிலோ டிக்கோயாவிலோ உள்ள அரசாங்க மருத்துவமனைக்குத் தாமதியாது செல்லவேண்டும். அடிபடாமலே ஒரு கால் வீங்கிச் சிவந்து வெப்பமாக இருந்தால், இரத்தக்குழாயில் கட்டி உறைந்திருக்கலாம். அதனுடன் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

வலி தணிந்தபின் தசைக்கு உரமூட்ட வேண்டும். லயத்து வாசற்படியே இதற்குப் போதிய கருவி. சுவரைப் பிடித்துக்கொண்டு, படியின் விளிம்பில் முன்பாதங்களை ஊன்றி, குதிகால்களை மெல்ல உயர்த்தி, அதனினும் மெல்லத் தாழ்த்துக. முதலில் இரு கால்களாலும், பின்னர் ஒரு காலாலும் செய்க. முழங்காலை நிமிர்த்திச் செய்தால் மேற்றசையும், சற்று மடக்கிச் செய்தால் அடித்தசையும் சிறப்பாகப் பயிற்சி பெறும்.

ஓடத் தகுதி வந்ததா என்பதைக் காலையே கேட்டறியலாம். அரை மணி நேரம் விரைந்து நடக்க வலியில்லையா? படிகளில் ஏறி இறங்க வலியில்லையா? காயமுற்ற ஒற்றைக் காலில் நின்று குதிகாலை இருபது முறை, மற்றக் காலுக்கு நிகராக உயர்த்த முடிகிறதா? அக்காலால் பத்து முறை நொண்டியடிக்க முடிகிறதா? நான்குக்கும் விடை சாதகமானால் ஓட்டத்தைத் தொடங்கலாம். ஒன்று தவறினும் பொறுத்திருப்பதே நன்று. வலி நிவாரணி மாத்திரையை விழுங்கிவிட்டு இச்சோதனையைச் செய்தல் தன்னைத் தானே ஏமாற்றுவதாகும்.

தொடக்கத்தில் ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை. இவ்வாறு எட்டு முறை போதும். ஒரு நாள் ஓடினால் மறுநாள் ஓய்வு. முதலில் நேரத்தைக் கூட்டுக, வேகத்தைப் பின்னர், மேட்டை எல்லாவற்றிற்கும் கடைசியாக. மேடேறுகையில் பாதம் மேல்நோக்கி வளைய, கெண்டைத்தசை மிக இழுபட்டு உழைக்கிறது. சமநிலம் அரிதான மலையகத்தில் இது கடினமே. ஆயினும் தோட்டத்து மைதானத்தைச் சுற்றியேனும் முதல் வாரங்களைக் கழித்தல் வேண்டும். மறுநாட் காலை எழுந்து வைக்கும் முதலடியே நல்ல நீதிபதி. அதில் வலி கூடியிருந்தால் முந்திய படிக்குத் திரும்புக. இயன்மருத்துவரின் ஆலோசனை கிட்டுமாயின் மிக நன்று.

ஒருமுறை கிழிந்த கெண்டைத்தசை மீண்டும் கிழியும் வாய்ப்பு மிகுதி. வயது ஏற ஏற அது இன்னும் மிகும். போட்டி அடுத்த ஆண்டும் வரும். கொழுந்துக் கூடையுடன் சரிவில் ஏறும் தாய்க்கும், பரிசுக்கு ஓடும் மகனுக்கும் கால்களே முதல். சிவனொளிபாதத்தின் உச்சியை எவரும் ஒரே தாவலில் அடைவதில்லை, படிப்படியாகவே ஏறுகின்றனர். காயமுற்ற காலும் அவ்வாறே, ஒரு படியில் நிலைத்து நின்றபின் அடுத்த படிக்குச் செல்வதாக.