உங்களுக்குத் தெரியுமா? ஊர் மாறினால் சம்பளமும் மாறும்

அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட்டுகள் உண்டு. ஓர் ஒப்பந்தம் பெரும்பாலும் 13 வாரம். ஊதியத்தில் ஒரு பகுதி வரிக்குட்பட்ட மணிக்கூலி. மறுபகுதி தங்கவும் சாப்பிடவும் தரப்படும் படி. சொந்த ஊரில் வீட்டுச் செலவைத் தாங்கிக்கொண்டே வெளியூரில் தங்குபவருக்கு இந்தப் படிக்கு வரி கிடையாது. கூட்டரசு ஊழியர்களுக்கென அரசு ஆண்டுதோறும் ஊர்வாரியாக அறிவிக்கும் பயணப்படிதான் இதற்கும் அளவுகோல். சான் பிரான்சிஸ்கோவில் படி அதிகம், வாடகையும் அதிகம். ஆள் கிடைக்காத சிற்றூரில் சில சமயம் கையில் கூடுதலாகவே மிஞ்சும்.

சிங்கப்பூரில் இந்த முறை இல்லை. நாடு சிறியது என்பது மட்டுமே காரணமல்ல. துணைச் சுகாதாரத் தொழில்களுக்கான 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி பிசியோதெரபிஸ்ட்டுகள் பதிவு பெற்றிருக்க வேண்டும். வெளிநாட்டில் படித்து வருபவர்கள் பொதுவாக மேற்பார்வையின்கீழ்தான் வேலையைத் தொடங்க முடியும். சில வாரங்களுக்கு ஒருமுறை இடம் மாற அதில் வழியில்லை.

சிங்கப்பூரின் தொழிற்பேட்டையான துவாஸில் பயணம் செய்பவர் சிகிச்சையாளர் அல்ல, நோயாளிதான். பட்டறையில் கை நசுங்கிய தொழிலாளி, விரல்களை மடக்கிப் பழக, துவாஸ் லிங்க் நிலையத்தில் ரயிலேறி ஒன்பதாவது நிறுத்தமான ஜூரோங் ஈஸ்ட்டில் இறங்கி, மேம்பாலம் வழியே இங் டெங் ஃபோங் மருத்துவமனைக்குப் போகலாம். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டப்படி அந்தச் சிகிச்சைச் செலவு முதலாளியின் பொறுப்பு. விபத்து நடந்து ஓராண்டு வரை, அல்லது 53,000 வெள்ளி வரை, எது முந்துகிறதோ அதுவே எல்லை. 2025 நவம்பருக்கு முன் இது 45,000 வெள்ளியாக இருந்தது.