சுவருக்கு ரெயின்கோட்!

கும்பகோணத்தில் தாத்தா கட்டின வீடு. செங்கல், சுண்ணாம்புக் காரை. 'வருஷா வருஷம் வெள்ளையடிக்கிற தண்டச் செலவுக்கு, ஒரே தடவை எமல்ஷன் அடிச்சா போச்சு' என்று என் பி.காம். மூளை கணக்குப் போட்டது. பி.எஃப்.பில் கை வைத்தேன். "சுண்ணாம்பே போதுமேடா" என்றார் அப்பா. யார் கேட்டா?

ஷேடு கார்டில் தபால்தலை சைஸில் சாதுவாக இருந்த மஞ்சள், சுவர் முழுக்க ஏறியதும் ஸ்கூல் பஸ்ஸாகிவிட்டது! (சின்னத் துண்டில் வெளிறின நிறம் பெரிய சுவரில் தூக்கலாகத்தான் தெரியும். சுவரிலேயே இரண்டடிக்கு இரண்டடி அடித்து, காலையிலும் சாயங்காலமும் பார்த்துவிட்டு டின் வாங்குங்கள்.)

நிறம்கூடப் பழகிவிட்டது. ஐப்பசி மழைக்கப்புறம் சுவரெல்லாம் கொப்புளம். மேஸ்திரி விரலால் குத்த, உள்ளே காரை மாவாகக் கொட்டியது.

"பழைய சுவர் மூச்சு விடும் சார். தரையிலேர்ந்து ஏறுற ஈரம் வெளியே போகணும். நீங்க ரெயின்கோட்டைப் போட்டு பட்டனையும் மாட்டிட்டீங்க!"

சுரண்டினோம். கோடை முழுக்கக் காயவிட்டோம். ஓட்டைகளைச் சிமென்ட்டால் அடைக்கக் கிளம்பிய என்னைத் தடுத்து, சுண்ணாம்புக் காரையே பூசினார் மேஸ்திரி. மேலே மூன்று கை சுண்ணாம்பு. ஈரத்தில் அடித்த மாதிரியே தெரியாது. காயக் காயத்தான் வெளுக்கும். திண்ணைக்குக் கீழே செங்காவிப் பட்டை. காவி இரும்புச் சத்துள்ள மண்; வெயிலுக்கும் சுண்ணாம்புக் காரத்துக்கும் அசையாது.

அப்பா, 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லவேயில்லை. சுண்ணாம்பு வாங்கின ரசீதை மட்டும் என் எமல்ஷன் பில்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, காபி கேட்டார்.