அமிலத்துக்கு அசையாத மேலுறை

நெஞ்செரிச்சலுக்குத் தரும் பான்டோபிரசோல் மாத்திரையை மெல்லாமல், உடைக்காமல் விழுங்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். இரைப்பையில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் இந்த மருந்து, அமிலம் நேரடியாகப் பட்டால் தானே சிதைந்துவிடும். குடல்வரை அதைக் காப்பது மேலே பூசியிருக்கும் மெல்லிய பாலிமர் உறைதான்.

வெறும் வயிற்றில் இரைப்பை நீரின் பிஎச் அளவு ஏறக்குறைய 1 முதல் 3 வரை இருக்கும். சிறுகுடலில் அது 6-ஐ எட்டும். பார்வைக்குச் சின்ன எண்கள்தான். ஆனால் பிஎச் ஒன்று கூடினாலே ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்தில் ஒரு பங்காகிவிடும். 2-லிருந்து 6-க்குப் போனால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

இத்தகைய உறைகள் பலவற்றில் இருப்பது மெத்தக்ரிலிக் அமிலம் கலந்த பாலிமர். அதன் நீண்ட சங்கிலி நெடுகக் கார்பாக்சிலிக் தொகுதிகள் உண்டு. அமிலம் மிகுந்த நீரில் அவை தம் ஹைட்ரஜனை விடுவதில்லை. மின்னூட்டம் இல்லாத சங்கிலிகள் நெருங்கிச் சுருண்டு கிடக்கும், நீரில் கரையாது. அமிலம் குறைந்ததும் ஹைட்ரஜன் கழல்கிறது, தொகுதிகள் எதிர்மின்னூட்டம் பெறுகின்றன. ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ள, சங்கிலி விரிகிறது. நீர் புகுந்து உறை ஊதிக் கரைகிறது.

இதே விசையால் பாலிமர் இழைகள் நீள்வதையும் சுருங்குவதையும் வெர்னர் கூன், அகரோன் கட்சால்ஸ்கி குழுவினர் 1950-இல் நேச்சர் இதழில் விவரித்தார்கள்.

எந்த பிஎச்-இல் கரைய வேண்டும் என்பதையும் வேதியியலாளர்களே தீர்மானிக்க முடிகிறது. அமிலத் தொகுதிகளின் விகிதத்தைக் குறைத்தால் கரையும் இடம் தள்ளிப்போகும். யூட்ராஜிட் என்ற பெயரில் விற்கப்படும் இத்தகைய உறைப் பாலிமர் வகைகளில் ஒன்று பிஎச் 5.5-க்கு மேல் கரையும். இன்னொன்று 7-க்கு மேல்தான் கரையும். பெருங்குடல் அழற்சிக்கான மெசலமைன் மாத்திரைகள் சிலவற்றுக்குப் பின்னதே பொருத்தம். அமீன் தொகுதிகள் கொண்ட பாலிமர் இதற்கு நேர்மாறு: வாயில் கரையாமல் கசப்பை மறைத்து, இரைப்பையில் கரையும்.

குடலில் உறிஞ்சப்பட்ட பான்டோபிரசோல் ரத்தம் வழியாக இரைப்பையின் அமிலச் சுரப்புச் செல்களுக்கே திரும்பி, அங்குள்ள அமிலத்தால்தான் வீரியம் பெறுகிறது. எந்த அமிலம் அதை முன்கூட்டியே அழித்திருக்குமோ, அதுவே உரிய இடத்தில் அதை இயக்குகிறது. இந்த ஏற்பாட்டின் நேர்த்தி என்னை வியக்க வைக்கிறது.

விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்காக இத்தகைய மாத்திரையைப் பொடித்துக் கொடுக்காதீர்கள். வேறு வடிவில் அந்த மருந்து கிடைக்குமா என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள்.