பனியன் நகரத்துக்குப் புதிய பங்குத்தந்தை

1886ஆம் ஆண்டு மறைமாவட்டமாக உயர்ந்தது கோவை. பனியன் நகரமான திருப்பூரின் இலத்தீன் முறைக் கத்தோலிக்கப் பங்குகள் அதன் கீழ்தான் வருகின்றன. ஒரு பங்குக்குப் புதிய குருவை நியமிப்பவர் ஆயர்.

மேளம், மாலை, பொன்னாடை என்று வரவேற்பு களைகட்டும். ஆனால் நியமன ஆணை வந்தாலே பொறுப்பு கைக்கு வந்துவிடாது. ஆயரோ அவருடைய பிரதிநிதியோ முன்னிலையில் விசுவாச அறிக்கை சொல்லி, முறைப்படி பணி ஏற்க வேண்டும். அன்றுமுதல் ஒவ்வொரு ஞாயிறும் கடன் திருநாள்களிலும் பங்கு மக்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பது அவர் கடமை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

புதியவர் பொறுப்பில் பங்கின் பதிவேடுகளும் வந்து சேரும்: திருமுழுக்கு, திருமணம், இறப்பு. வெளியூர்க்காரர்கள் நிறைந்த பனியன் நகரத்தில் இவற்றுக்கு வேலை அதிகம். தென்மாவட்டத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த ஒருவர் இங்கே கல்யாணம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தகவல் அவர் திருமுழுக்குப் பெற்ற ஊர்க் கோயிலுக்குப் போக வேண்டும். அங்குள்ள திருமுழுக்குப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே திருமணம் குறிக்கப்படும். முன்பே மணமானவரா என்று பின்னாளில் சரிபார்க்கவும் அந்தக் குறிப்பே உதவும்.

ஆகவே, திருப்பூரில் கல்யாணம் பேசி முடித்த வெளியூர்ப் பிள்ளைகள், மண்டபம் பிடிக்கும் முன்பே சொந்த ஊர்ப் பங்கில் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு வைப்பது நல்லது.