காடுவெட்டும் மெஷினின் இரைச்சல்: காரணமும் பழுதுபார்ப்பும்

பிரஷ் கட்டர் எனப்படும் காடுவெட்டும் மெஷின் ஓடும்போது ஐந்து இடங்களிலிருந்து சத்தம் வருகிறது. சைலன்சர் வழியாக வெளியேறும் புகை, எஞ்சினை ஒட்டியிருக்கும் கிளட்ச், நீளக் குழாய்க்குள் சுழலும் ஷாஃப்ட், குழாயின் கீழ்முனையில் உள்ள கியர் ஹெட், அதற்கும் கீழே சுற்றும் பிளேடு. மெஷின் நல்ல நிலையில் இருக்கும்போது இந்த ஐந்தும் கலந்து ஒரே சீரான இரைச்சலாகக் கேட்கும். அதில் ஒரு கரகரப்போ, தட்டலோ, கீச்சிடலோ புதிதாகச் சேர்ந்தால் ஐந்தில் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. எது என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். கண்டுபிடித்துவிட்டால் பழுதுபார்ப்பது பெரும்பாலும் ஒரு மணி நேர வேலைதான்.

கேரளத்தின் தென்கோடியில் நெய்யாற்றின்கரை தாலுகாவிலும் பாறசாலை வட்டாரத்திலும் இந்த மெஷின் இல்லாமல் ரப்பர் விளைகளைப் பராமரிப்பது இன்று அரிது. செங்கல், காரோடு, கொல்லயில், குன்னத்துகால், வெள்ளறடை போன்ற ஊர்களில் ரப்பர், தென்னை, மரச்சீனி, வாழை எல்லாம் அடுத்தடுத்து நிற்கும். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை வகுக்கப்பட்டபோது களியக்காவிளைக்கு மேற்கே கேரளம், கிழக்கே தமிழ்நாடு என்று பிரிந்தாலும், இரண்டு பக்கமும் மண்ணும் பயிரும் மழையும் ஒன்றே. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என இரண்டு மழையும் கிடைப்பதால் ஆண்டில் பல மாதங்கள் களை வளர்ந்துகொண்டே இருக்கும். சரிவான நிலத்தில் படிப்படியாக வெட்டிய தளங்களில் மரங்கள் நிற்பதால், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டிக்கு இங்கே வழி கிடையாது. தோளில் தொங்கவிட்டு இடுப்பை ஆட்டி வீசும் பிரஷ் கட்டர்தான் ஒரே துணை.

இந்த விளைகளில் மெஷினைக் கெடுப்பவை பெரும்பாலும் மூன்று. முதலாவது, கேரளத்தில் திருதராஷ்டிரப் பச்சை என்று அழைக்கப்படும் மிக்கேனியா கொடி. மரத்தைச் சுற்றி ஏறும் இந்தக் கொடி பிளேடுக்கும் கியர் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் கயிறாகச் சுற்றிக்கொள்ளும். இரண்டாவது, மழைக்காலத்துக்கு முன் ரப்பர் மரத்தில் பட்டைபோல் ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மழைக்காப்பின் கிழிசலும் அதன் நூலும். மூன்றாவது, பால் சேரும் சிரட்டையைத் தாங்கும் கம்பி. பழைய கம்பி மரத்திலிருந்து கழன்று புல்லுக்குள் கிடக்கும்; பிளேடு அதில் மோதினால் ஒரு நொடியில் வளைந்துவிடும், அல்லது கம்பி கியர் ஹெட்டின் கீழ்ப்பக்க சீலைக் கிழித்துவிடும். சீல் கிழிந்தால் கிரீஸ் ஒழுகும், மண்ணும் செடிச்சாறும் உள்ளே ஏறும். சத்தம் வருவது அதற்குப் பல நாள் கழித்துத்தான். அதனால்தான் இன்றைய இரைச்சலுக்குக் காரணம் போன மாதம் மோதிய கம்பி என்பது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

சத்தத்தைப் பிரித்து அறிய முதலில் அது எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு எஞ்சின் மெதுவாக ஓடும்போது, பிளேடு நிற்கும் நிலையிலும் சத்தம் கேட்டால், குறை எஞ்சினிலோ கிளட்சிலோ இருக்கிறது. ஷாஃப்டும் கியர் ஹெட்டும் அப்போது சுழலவே இல்லை. வேகம் கூட்டியதும் தொடங்கும் சத்தம் கிளட்சுக்குக் கீழே உள்ள பகுதிகளைச் சேர்ந்தது. வேகத்தோடு சேர்ந்து சுருதி ஏறும் சீறல் கியர் பற்களின் தேய்மானம். உருளைக்கல் உருளுவதுபோல் அடித்தொண்டையில் கேட்கும் கரகரப்பு பேரிங். சீரான இடைவெளியில் தட்டல் வந்து, கூடவே கைப்பிடி உதறினால் பிளேடு. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் எழுந்து, வேகம் ஏறியதும் மறையும் படபடப்பு பெரும்பாலும் தளர்ந்த போல்ட்டால் வருவது. பாதுகாப்புத் தகடு, சைலன்சர், பெட்ரோல் டேங்க் ஆகியவற்றின் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கினாலே அது அடங்கிவிடும். எதையும் கழற்றுவதற்கு முன் இந்த இறுக்கலைச் செய்துவிடுவது நல்லது.

அடுத்த சோதனை எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி வைத்த பிறகு. இந்த ஒரு படியைத் தவிர்த்து யாரும் பிளேடில் கை வைக்கக் கூடாது. தடித்த கையுறை போட்டுக்கொண்டு பிளேடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால், ஆட்டம் இருப்பது கையிலேயே தெரியும். நல்ல பேரிங்கில் அந்த அசைவு துளியும் இருக்காது. பிறகு பிளேடை மெல்லச் சுற்ற வேண்டும். வழுவழுப்பாகச் சுற்றினால் கியர் ஹெட் நலம். மணல் அரைபடுவதுபோல் விரல்களில் உணர்ந்தால் பேரிங் போய்விட்டது. முன்னும் பின்னும் திருப்பும்போது சிறு இடைவெளி இருப்பது இயல்பு. பெவல் கியர்கள் இரண்டும் கோணத்தில் கடித்து ஓடுவதால் அந்த இடைவெளி தேவையும்கூட. ஆனால் பிளேடு நன்றாகத் திரும்பிய பிறகே ஷாஃப்டைப் பிடிக்கிறது என்றால், பற்களோ ஷாஃப்ட் முனையில் உள்ள வரிப்பள்ளங்களோ தேய்ந்துவிட்டன.

கியர் ஹெட்தான் இந்த மெஷினில் அதிகம் உழைத்துக் குறைவாகக் கவனிக்கப்படும் உறுப்பு. ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் அலுமினிய உறைக்குள் இரண்டு பெவல் கியர்களும் சில பேரிங்குகளும் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுழல்கின்றன. அவற்றுக்கு உள்ள ஒரே பாதுகாப்பு கொஞ்சம் கிரீஸ். உறையின் பக்கவாட்டில் ஒரு சிறு போல்ட் இருக்கும். அதுதான் கிரீஸ் இடும் வாய். பெரும்பாலான மெஷின் கையேடுகள் 25 முதல் 50 மணி நேர வேலைக்கு ஒருமுறை கிரீஸைப் பார்க்கச் சொல்கின்றன. முழுநாள் வேலைக்குப் போகும் மெஷினுக்கு அது ஒரு வாரக் கணக்குதான். ஆனால் பட்டறைக்கு வரும் பல மெஷின்களில் அந்தப் போல்ட்டின் மேல் கம்பெனியில் அடித்த பெயின்ட்கூட உடையாமல் இருக்கும். அதாவது வாங்கிய நாளிலிருந்து அது திறக்கப்படவே இல்லை. எஞ்சினுக்கு நல்ல ஆயில் தேடித் தேடி வாங்குபவர்களே இந்தப் போல்ட்டை மறந்துவிடுவது வருத்தமான விஷயம்.

கிரீஸ் இட்ட பின் சத்தம் குறைந்து, ஓரிரு நாளில் மறுபடி ஏறினால் தேய்மானம் தொடங்கிவிட்டது என்று பொருள். வெளியே வரும் பழைய கிரீஸை விரலால் தேய்த்துப் பார்த்தால் நிலைமை புரியும். வெறும் கறுப்பு என்றால் பழசாகிவிட்டது, அவ்வளவுதான்; வெயிலில் பிடிக்கும்போது வெள்ளிப்பொடி மின்னினால் பற்களோ பேரிங்கோ உதிர்கின்றன. இடுவது லித்தியம் கிரீஸாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று முறை சிறிது சிறிதாக இட்டு, இடையில் பிளேடைக் கையால் சுற்றினால் பற்களில் பரவும். உறை முழுவதும் திணித்து அடைத்தால் கிரீஸ் சூடேறி விரிந்து சீலை வெளியே தள்ளிவிடும். நல்லது செய்ய நினைத்தே பழுது வந்து சேரும்.

பேரிங் மாற்ற வேண்டுமென்றால் முதல் தடை பிளேடு நட்டில். பெரும்பாலான பிரஷ் கட்டர்களில் இந்த நட் இடது மரை கொண்டது. வழக்கமான திசையில் திருகினால் கழலாது, இன்னும் இறுகும். மெஷின் ஓடும்போது நட் தானாகக் கழன்றுவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. கியர் ஹெட் விளிம்பிலுள்ள சிறு துளைக்குள் ஒரு அலன் கீயைச் செருகி ஷாஃப்டைப் பூட்டிவிட்டு, கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால் கழலும். அதன்பின் தட்டுகள், சீல், சர்க்ளிப் என்று ஒவ்வொன்றாக வெளிவரும். இங்கே சுத்தியல் எடுப்பது பெரிய தவறு. அலுமினியம் எஃகைவிட அதிகம் விரியும் என்பதால் உறையை ஹாட் ஏர் கன்னாலோ வெந்நீராலோ சூடாக்கினால், பேரிங் மரக்கட்டையில் லேசாகத் தட்டியதுமே விழுந்துவிடும். புதியதை உறைக்குள் ஏற்றும்போது வெளி வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். ஷாஃப்டின் மேல் ஏற்றும்போது உள் வளையத்தை மட்டும். மாற்றி அழுத்தினால் நடுவிலுள்ள குண்டுகள் பள்ளத்தில் தடம் பதித்துவிடும், புதிய பேரிங்கும் அன்றே கரகரக்கத் தொடங்கும்.

பேரிங் வாங்கக் கம்பெனிப் பெயர் தேவையில்லை, அதன் விளிம்பில் பொறித்த எண் போதும். 6001 என்றால் உள்விட்டம் 12 மி.மீ., வெளிவிட்டம் 28 மி.மீ., கனம் 8 மி.மீ.; எந்தக் கம்பெனி செய்தாலும் அளவு மாறாது. எண்ணுக்குப் பின்னால் இசட்இசட் என்றிருந்தால் இருபுறமும் தகடு மூடியது, 2ஆர்எஸ் என்றிருந்தால் ரப்பர் சீல் மூடியது. கியர்களில் ஒன்று மட்டும் தேய்ந்தாலும் இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லோடு புதுப் பல் பொருந்தி ஓடாது. மலிவான மெஷின்களுக்கு முழு கியர் ஹெட்டே செட்டாகக் கிடைக்கிறது. உறையில் பேரிங் உட்காரும் இடமே தேய்ந்திருந்தால் செட்டை மாற்றுவதுதான் சிக்கனம். தேய்ந்த இடத்தில் தகர டின்னை வெட்டிச் சுற்றிப் பேரிங்கை நிறுத்துவது சில நாள் தாங்கும், பிறகு கியரையும் சேர்த்துக் கெடுக்கும்.

கியர் ஹெட்டில் குறை இல்லையென்றால் ஷாஃப்டைப் பார்க்க வேண்டும். கியர் ஹெட்டைக் குழாயிலிருந்து கழற்றி ஷாஃப்டை வெளியே இழுத்து, கண்ணாடி மேசையிலோ சமமான தரையிலோ உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். குழாய்க்குள் ஷாஃப்டைத் தாங்கும் புஷ்கள் தேய்ந்தால் நீளமான ஊளைச் சத்தம் வரும். மெஷினைக் கடப்பாரைபோல் ஊன்றி எழுவதும், ஆட்டோவில் குழாயைக் குறுக்காகச் செருகிக் கட்டுவதும் இந்தக் குழாயை வளைக்கும் வழக்கங்கள்.

கிளட்சில் சுழற்சி வேகத்தால் விரிந்து டிரம்மைப் பிடிக்கும் இரண்டு ஷூக்களும் அவற்றை உள்ளே இழுத்து வைக்கும் ஸ்பிரிங்கும் உண்டு. ஸ்பிரிங் தளர்ந்தாலோ உடைந்தாலோ மெஷின் மெதுவாக ஓடும்போதும் பிளேடு சுற்றிக்கொண்டே இருக்கும். இது வெறும் சத்தப் பிரச்சினை அல்ல, காலை வெட்டும் ஆபத்து. ஐடிலிங் வேகம் அதிகம் வைத்திருந்தாலும் இதே அறிகுறி வரும் என்பதால், கார்புரேட்டரின் ஐடிலிங் திருகை முதலில் குறைத்துப் பார்ப்பது முறை. சோதிப்பதற்காக டிரம்மைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டக் கூடாது. தடுக்க எதுவும் இல்லாததால் ஷூக்கள் பிய்ந்து பறக்கும்.

பிளேடின் விஷயத்தில் கணக்கு ஒன்று உண்டு. 255 மி.மீ. விட்டமுள்ள பிளேடு நிமிடத்துக்கு 6000 சுற்று சுழன்றால் அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 288 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. இந்த வேகத்தில் ஒரு பக்கம் சில கிராம் கூடினாலும் உதறல் கியர் ஹெட் பேரிங் வரை இறங்கும். பிளேடின் நடுத்துளையை ஒரு மெல்லிய ஆணியில் மாட்டிச் சுற்றிவிட்டால், எப்போதும் ஒரே முனை கீழே வந்து நின்றால் அந்த முனை கனம்; அதை அரத்தால் சமன் செய்யலாம். விரிசல் கண்ட பிளேடை வெல்டிங் வைத்து மறுபடி மாட்டுவது மட்டும் ஒருபோதும் கூடாது. பிளேடு மாட்டும் தட்டில் காய்ந்த புல்லோ கொடியோ ஒட்டியிருந்தால், புது பிளேடுகூடச் சாய்ந்து உட்கார்ந்து உதறும்.

மைதானங்களிலும் கோல்ஃப் திடல்களிலும் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டிகளின் வெட்டுத் தட்டு இரைந்தாலும் இதே வரிசைதான். பிளேடு இணைப்பைத் துண்டித்ததும் சத்தம் நின்றால் குறை தட்டில். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு ஸ்பிண்டிலையும் புல்லியையும் தனித்தனியே கையால் சுற்றினால் கரகரக்கும் ஒன்று அகப்படும். பிளேடு வளைவை அறிய, அதன் ஒரு முனை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அரைச்சுற்று திருப்பி அதே இடத்தில் மறுமுனையை அளக்க வேண்டும். வித்தியாசம் 3 மி.மீ.க்கு மேல் என்றால் பிளேடோ ஸ்பிண்டிலோ வளைந்திருக்கிறது.

இரைச்சலை மெஷினோடு நிறுத்திப் பார்ப்பதும் போதாது. பிரஷ் கட்டர் ஓட்டுபவரின் காதருகே 100 டெசிபலை நெருங்குவது சாதாரணம். இந்தியத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு அனுமதிக்கும் எல்லை 90 டெசிபல். விளையில் வேலை செய்பவருக்கு அந்த விதி எட்டாவிட்டாலும் காது ஒன்றுதான். பேரிங் போன மெஷின் அதிர்வையும் கைகளுக்கு ஏற்றும். ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்களுக்கு விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போகும் நோய் வருவது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டது. காதுக் கவசமும் கண்ணாடியும் மெஷின் வாங்கும்போதே சேர்த்து வாங்க வேண்டியவை.

பழுது நீக்கியதும் மெஷினை உடனே முழு வேகத்தில் காட்டுக்குள் இறக்கக் கூடாது. சில நிமிடம் நடு வேகத்தில் வெறுமனே ஓட்டி அணைத்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, கியர் ஹெட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இளஞ்சூடு இயல்பு, கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது அல்லது கிரீஸ் மிஞ்சிவிட்டது. முதல் அரை மணி நேர வெட்டுக்குப் பின் பிளேடு நட்டையும் கியர் ஹெட்டைக் குழாயோடு பிடிக்கும் போல்ட்டுகளையும் இன்னொரு முறை இறுக்கிவிட்டால் மெஷின் வேலைக்குத் தயார்.