உங்களுக்குத் தெரியுமா? போலி மின்னஞ்சலில் போன பணத்துக்கு வங்கி பொறுப்பானது!

வங்கியின் பெயரில் வந்த போலி மின்னஞ்சலை நம்பிப் பணம் இழந்தவருக்கு, வங்கியே 12.85 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2010 ஏப்ரலில் தமிழகத்தில் உத்தரவானது.

• கணக்கு தூத்துக்குடியில், வாடிக்கையாளர் அபுதாபியில். தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி நடந்த விசாரணை இது. வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது.

• எல்லோருக்கும் இப்படிக் கிடைத்துவிடாது. கடவுச்சொல்லை நீங்களே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனதெல்லாம் உங்கள் நஷ்டம். தெரிவித்தபின் போவதுதான் வங்கியின் பொறுப்பு என்றது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை. ஆகவே வெட்கப்பட்டுக்கொண்டு தாமதிக்காதீர்கள்.

• செல்போனில் மின்னஞ்சல் பார்க்கும்போது அனுப்பியவர் பெயர் மட்டும்தான் பெரும்பாலும் தெரியும். அதைத் தொட்டால் முழு முகவரி வரும். ‘கேஒய்சி இன்றே முடிக்காவிட்டால் கணக்கு முடங்கும்’ என்று அவசரப்படுத்தினால் அந்தப் பெயரைக் கட்டாயம் தொட்டுப் பாருங்கள்.

• இந்திய வங்கிகளின் இணையதள முகவரி ‘.பேங்க்.இன்’ என முடிய வேண்டும். 2025 அக்டோபர் 31க்குள் மாறச் சொன்னது ரிசர்வ் வங்கி. ‘பேங்க்-இன்.காம்’ என்றிருந்தால் போலி.

• ஏமாந்துவிட்டால் உடனே வங்கிக்கும் 1930க்கும் போன் செய்யுங்கள்.