நட்சத்திரம் நிக்குது... ஏம்பலம் சுத்துது!

ராத்திரி வானத்தை டைம்லேப்ஸ் எடுக்குற எல்லாருமே கிட்டத்தட்ட ஒரே வீடியோவைத்தான் எடுக்குறோம். கீழே மலையோ மரமோ ஆடாம நிக்கும். மேலே நட்சத்திரக் கூட்டம் கிழக்கே கிளம்பி மேற்கே ஓடும். அழகுதான். ஆனா சுத்தப் பொய்! ஓடுறது நட்சத்திரம் இல்ல பாஸ், நாம.

அந்தப் பொய்யைத் திருப்பிப் போட்டுக் காட்டினவர் டோர்ஜே ஆங்சுக். லடாக்கில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹான்லே வான் ஆய்வகத்தின் பொறியாளர். (நம்ம வாணியம்பாடி பக்கத்துல காவலூர் தொலைநோக்கி இருக்கே, அதை நடத்துற இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் ஹான்லேயையும் நடத்துது.) 2025 தொடக்கத்தில் அவர் வெளியிட்ட வீடியோவில் நட்சத்திரங்கள் ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். தரை சுழலும்! பகல் ராத்திரியாகி, மறுபடி பகலாகும். குளிரில் பேட்டரி மளமளன்னு தீர்ந்துபோக, பல ராத்திரி போராடித்தான் இதை முடிச்சிருக்கார்.

'அது லடாக். புதுச்சேரிக்குத் தென்மேற்கே, வயலுக்கு நடுவுல இருக்குற ஏம்பலத்துல இதெல்லாம் நடக்குமா?'னு கேட்டா... நடக்கும். சில விஷயத்துல நம்ம வானம்தான் கெத்து. பால்வெளியின் மையம் ஹான்லேயில் அதிகபட்சம் 28 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். நமக்கு 49 டிகிரி! மே மாசம் ராத்திரி 9 மணி வாக்கில் நேர் தெற்கே பார்த்தா, தென்சிலுவை நட்சத்திரங்கள் தாழ்வா நிக்கும். ஹான்லேக்காரங்களுக்கு அது தொடுவானத்தைத் தாண்டி வர்றதே பெரும்பாடு.

சரி, வானத்தை எப்படி நிறுத்துறது? பூமி ஒரு சுற்று சுற்ற 23 மணி 56 நிமிஷம் 4 நொடி ஆகும். அதே வேகத்தில் எதிர்ப்பக்கமா கேமராவைத் திருப்புற மோட்டார்தான் ஸ்டார் ட்ராக்கர். அதோட அச்சு, வானத்தின் வட துருவத்தைக் குறி பார்க்கணும். துருவ நட்சத்திரம் நமக்கு வெறும் 12 டிகிரி உயரத்தில்தான். கையை நீட்டி முஷ்டியை மடக்கினா சுமார் 10 டிகிரி, அதுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு பனைமரம் குறுக்கே நின்னா கதை முடிஞ்சது. அதனால வடக்கே வெட்டவெளியா இருக்குற வரப்பாப் பார்த்து ட்ரைபாடை நடணும்.

ட்ராக்கர் விலையைக் கேட்டு மயக்கம் வருதா? எனக்கும் வந்துச்சு. மோட்டார் இல்லாத வழி ஒண்ணு இருக்கு, அதுதான் எனக்குப் பிடிச்சதும். கேமராவை அசையாம வெச்சு, துருவத்தை ஃப்ரேமின் நட்டநடுவுல கொண்டுவாங்க. 25 நொடி எக்ஸ்போஷர், 30 நொடிக்கு ஒரு படம். 10 மணி நேரத்தில் 1,200 படம் சேரும். அதுக்குள்ள வானம் ஒவ்வொரு படத்துக்கும் 0.1253 டிகிரி திரும்பியிருக்கும். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு படத்தையும் அதே அளவு எதிர்ப்பக்கமா சுத்திவிடுங்க. நாலு வரி கோடு போதும். நட்சத்திரம் நின்னுடும், வயலும் வரப்பும் 150 டிகிரி சாய்ஞ்சுபோகும்! துருவம் நடுவில் இருக்கணும்னு அடிச்சுச் சொல்றதுக்குக் காரணம், சாதாரண லென்ஸில் அந்தப் புள்ளியைச் சுத்தித்தான் வானம் உருவம் கெடாமல் சுழலும். ஓரத்தில் வெச்சா நட்சத்திரம் இழுபடும். 1,200 படம் இன்டு 25 எம்.பி., 30 ஜி.பி. ஆச்சு. கார்டைக் காலி பண்ணிட்டுப் போங்க. 25 ஃப்ரேம் வேகத்தில் ஓட்டினா கிடைக்கிறது 48 நொடி வீடியோ!

பகலில் இருந்தே ஆரம்பிக்கணும்னா தலைவலி அதிகம். அந்தி நேரத்தில் 1/60 நொடி, ஐ.எஸ்.ஓ. 100. நல்ல இருட்டில் 25 நொடி, ஐ.எஸ்.ஓ. 3200. கணக்குப் பார்த்தா 48,000 மடங்கு வித்தியாசம். ஆட்டோவில் விட்டா வீடியோ டியூப்லைட் மாதிரி மினுக்கும். மேனுவலில், ஸ்டாப்பில் மூணில் ஒரு பங்கா, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். நம்ம பக்கம் சூரியன் செங்குத்தா இறங்குறதால ஒண்ணேகால் மணி நேரத்தில் முழு இருட்டு வந்துடும், அதனால வேகமா ஏத்தணும். மிச்ச மினுக்கலை எல்.ஆர். டைம்லேப்ஸ் மாதிரி சாஃப்ட்வேர் சமாளிக்கும். கேமராவில் இருக்குற 'லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை' மறக்காம அணைச்சிடுங்க. இல்லேன்னா ஒவ்வொரு படத்துக்கு அப்புறமும் கேமரா இன்னொரு 25 நொடி தூங்கும்.

ஹான்லேயில் எதிரி குளிர்னா, நமக்கு எதிரி பனி ஈரம். கடல் பக்கம் வேற! நடுராத்திரியில் லென்ஸ் வேர்த்து, மிச்சப் படமெல்லாம் புகைமூட்டமாயிடும். மருந்து நம்ம லேப்லயே இருக்கு. 50 ஓம் ரெசிஸ்டர் பத்து, பேரலல்ல. மொத்தம் 5 ஓம். 5 வோல்ட் பவர்பேங்க் கொடுத்தா 5 வாட் சூடு. (ஒவ்வொண்ணும் 1 வாட் தாங்குறதா வாங்குங்க.) துணியில் தைச்சு லென்ஸைச் சுத்திக் கட்டினா ஈரம் ஒட்டாது. ட்ரிபிள்-ஈ மக்களே, இதுக்காவது ஓம்ஸ் லா உதவட்டும்!

ஆனா எந்த சர்க்யூட்டாலும் சரிபண்ண முடியாதது வெளிச்சம். ஏம்பலத்திலிருந்து பார்த்தா வடகிழக்கே புதுச்சேரி, தென்கிழக்கே கடலூர். ரெண்டு பக்கமும் தொடுவானம் வெளுத்துக்கிடக்கும். பால்வெளி மையம் எழும்புறதே தென்கிழக்கில்தான், கடலூர் வெளிச்சத்துக்குள்ளேயே! 49 டிகிரி உயரம் நமக்குக் கிடைச்ச வரம், ஆனா அதில் பாதி வழிக்கு அது கண்ணுக்கே தெரியாது.

ஹான்லேயில் 2022 டிசம்பரில் 1,073 சதுர கிலோமீட்டரை 'இருள் வான் காப்பகம்'னு அறிவிச்சாங்க. அங்கே யாரையும் இருட்டில் உட்காரச் சொல்லலை. விளக்குக்கு மூடி போட்டுத் தரையைப் பார்க்கத் திருப்பினாங்க, ஜன்னலுக்குத் திரை போட்டாங்க, ஊர்க்காரங்களையே வானம் காட்டுற வழிகாட்டிகளா ஆக்கினாங்க. நம்ம ஊர் தெருவிளக்குக்கும் ஒரு தகர மூடி போட எவ்வளவு ஆகிடும்? ரோட்டுக்கும் வெளிச்சம் கூடும். பக்கத்து வீட்டு மாமாவிடம் மாடி விளக்கை ரெண்டு மணி நேரம் அணைக்கச் சொல்லிக் கேட்கலாம். 'எதுக்குடா?'ன்னு கேட்டா வீடியோவைக் காட்டுங்க.

மார்ச் மாச அமாவாசை ராத்திரி நல்ல நாள். மழையும் இல்ல, மார்கழிப் பனியும் இல்ல. சாயங்காலமே கிளம்பி, விளக்கு வர்றதுக்குள்ள ட்ரைபாடை நட்டு, கேமராவை வடக்கே திருப்பிடுங்க. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து தென்கிழக்கே பார்த்தா, கடலூர் வெளிச்சத்துக்கு மேலே பால்வெளி ஏறி நிக்கும். ரெண்டாவது கேமரா வெச்சிருக்குற நண்பன் இருந்தா அவனையும் கூட்டிட்டுப் போங்க. டார்ச் மட்டும் சிவப்புத் தாள் ஒட்டினதா இருக்கட்டும்.